பாடம் ஒப்பிக்கிறாங்க, ஆனா வாசிக்கத் தெரியல: பின்தங்கிய குழந்தைகளை மீட்கும் தன்னார்வலர்கள் என்ன செய்கிறார்கள்?

தமிழ்ப் புத்தகத்தைத் திறந்ததும் பாடத்தை கடகடவென ஒப்பிக்கும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னப்பா?" என்று கேட்டால், சில குழந்தைகள் முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பார்கள். சிலர் படத்தைப் பார்த்து ஊகிப்பார்கள். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இந்தக் குழந்தைகள் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறார்கள். கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்து எழுதுகிறார்கள். ஆனால் புதிதாக ஒரு வரியைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. இவர்களை வாசிக்க வைப்பதற்கென்றே தனியாக உட்கார்ந்து உழைப்பவர்கள் கற்றல் தன்னார்வலர்கள். பெரும்பாலும் அதே ஊர், அதே தெருவைச் சேர்ந்த அக்காக்கள்.

அந்த வேலை என்ன, அது பலன் தருகிறதா, எங்கே சிக்குகிறது? பார்க்கலாம்.

பிரச்னை எவ்வளவு பெரியது?

'ஏசர்' என்ற கல்வி நிலை ஆய்வை பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. ஆய்வாளர்கள் கிராமப்புற வீடுகளுக்கே போய், குழந்தையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். அதில் நான்கு படிகள் உண்டு: எழுத்து, சொல், 1ஆம் வகுப்பு அளவிலான சிறு பத்தி, 2ஆம் வகுப்பு அளவிலான சிறு கதை.

3ஆம் வகுப்புக் குழந்தைகளில் எத்தனை பேர் அந்த 2ஆம் வகுப்புக் கதையை வாசித்தார்கள்? இந்திய அளவில் 2018இல் 27.3 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் அது 20.5 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2018இல் 10.2 சதவீதமாக இருந்தது, 2022இல் 4.8 சதவீதமாகச் சரிந்தது. 2024 ஆய்வில் தமிழ்நாட்டின் நிலை மீண்டும் மேலேறியிருக்கிறது. ஆனாலும் 3ஆம் வகுப்பில் பெரும்பாலான குழந்தைகளால் அந்தக் கதையை வாசிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

இதற்கு கொரோனா ஒரு பெரிய காரணம். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எழுத்து பழக வேண்டிய வயதில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் வகுப்பே இல்லை. ஆனால் 2018 எண்ணையும் பாருங்கள். பிரச்னை கொரோனாவுக்கு முன்பே இருந்தது.

வகுப்பு ஆசிரியரே ஏன் சரிசெய்ய முடிவதில்லை?

ஆசிரியர் சொல்லித்தர மாட்டார் என்பதல்ல விஷயம். 4ஆம் வகுப்பு ஆசிரியர் 4ஆம் வகுப்புப் பாடத்தை முடித்தாக வேண்டும். அதே வகுப்பில் கதை வாசிக்கும் குழந்தையும் இருக்கும், 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வித்தியாசம் தெரியாத குழந்தையும் இருக்கும். பாடம் நகர நகர, பின்தங்கிய குழந்தைக்கும் பாடத்துக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. குழந்தைகள் பள்ளியை விட்டு நிற்காமல் இருக்க இந்த விதி தேவை. ஆனால் வாசிக்கத் தெரியாத குழந்தையை யாரும் கவனிக்கவில்லை என்றால், அப்படியே 6, 7ஆம் வகுப்புக்கு வந்துவிடும். அப்போது தமிழ் மட்டுமல்ல, கணக்கும் அறிவியலும் சேர்ந்தே போய்விடும். வாசிக்கத் தெரியாதவருக்கு கணக்குக் கேள்வியே புரியாது.

அந்த வயதில் குழந்தை தன்னை மறைத்துக்கொள்ளவும் பழகிவிடும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதும், வாசிக்கச் சொன்னால் 'தலைவலி' என்று சொல்லும், கடைசி பெஞ்சுக்கு நகரும். "சேட்டைக்காரப் பையன்" என்று பெயர் எடுத்த பலருக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூச்சம்தான்.

வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்யும் முதல் வேலை என்ன?

பாடம் நடத்துவது அல்ல. குழந்தை எந்தப் படியில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பது.

எந்த வகுப்பு, என்ன வயது என்று பார்க்காமல், குழந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். எழுத்து தெரியாதவர்கள் ஒரு குழு, எழுத்து தெரிந்தும் சொல் வாசிக்க முடியாதவர்கள் ஒரு குழு, சொல் வாசித்தும் வரி வாசிக்கத் திணறுபவர்கள் ஒரு குழு. 5ஆம் வகுப்புப் பையனும் 3ஆம் வகுப்புப் பெண்ணும் ஒரே குழுவில் உட்காரலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி சோதித்து, முன்னேறியவரை அடுத்த குழுவுக்கு மாற்ற வேண்டும். இது ரொம்ப முக்கியம். மாற்றாமல் விட்டால், கீழ்க்குழு என்பது 'மக்கு' முத்திரையாகிவிடும்.

இந்த முறையைப் பிரதம் பல மாநிலங்களில் செயல்படுத்தியது. பொருளாதார நோபல் பரிசை 2019இல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் இதைக் களத்தில் சோதித்தவர்களில் முக்கியமானவர்கள்.

நிஜமாகவே பலன் இருக்கிறதா?

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் 'பால்சகி' என்ற திட்டம் ஆராயப்பட்டது. பால்சகி என்றால் குழந்தைகளின் தோழி. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்கள், 3, 4ஆம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 குழந்தைகளைத் தினமும் சுமார் 2 மணி நேரம் தனியாக அழைத்துக் கற்பித்தார்கள். மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிகளின் மதிப்பெண் தெளிவாகவே உயர்ந்திருந்தது. அதிகம் முன்னேறியது வகுப்பில் கடைசியில் இருந்த குழந்தைகள்தான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, கிடைத்த பலனில் ஒரு பகுதிதான் மிஞ்சியிருந்தது. ஒரு வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டுவிட்டால் போதாது, வாசிப்பு தொடர வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு மாலை நேரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேர வகுப்பு. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 குழந்தைகள். தொடக்கநிலைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க பிளஸ் 2, மேல் வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பு. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை, மரத்தடி என்று கிடைத்த இடத்திலெல்லாம் வகுப்புகள் நடந்தன.

கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். மாலையில் ஒரு மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய். அதற்கு இது சின்ன விஷயமில்லை.

அடுத்து, 2022-23இல் பள்ளிக்குள்ளேயே 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்தது. பிறகு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதில் குழந்தைகள் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். 2025-26இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை தெரியாதவர்களுக்காக 'திறன்' திட்டம் தொடங்கியது. 9ஆம் வகுப்பு வரை இப்படி ஒரு திட்டம் தேவைப்படுகிறது என்பதே, தொடக்கத்தில் தவறவிட்டால் பிரச்னை எவ்வளவு தூரம் வரும் என்பதைக் காட்டுகிறது.

தமிழ் வாசிப்பில் குழந்தைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

தமிழில் மொத்தம் 247 எழுத்துகள். பயப்பட வேண்டாம், அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மெய்யெழுத்தும் உயிர்க்குறியும் சேரும் முறை பிடிபட்டால் போதும். சிக்கலே அந்த முறையில்தான் வருகிறது. குழந்தை செய்யும் ஒவ்வொரு பிழையும் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிடும்.

• 'பட்டம்' என்பதை 'படடம' என்று வாசித்தால், புள்ளி கண்ணில் படவில்லை. மெய்யெழுத்தை நிறுத்தி ஒலிக்கப் பழக வேண்டும்.

• 'காடு' என்பதை 'கரடு' என்று வாசித்தால், துணைக்காலை 'ர' என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

• 'தேன்' என்பது 'தென்' ஆனால், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்புகின்றன. குறில், நெடிலைக் கைதட்டி, இழுத்துச் சொல்லிப் பழக்கலாம்.

• 'கொடை' என்பது 'கெடை' ஆனால், எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் இருப்பதை முழுதாகப் பார்க்கவில்லை. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஆனால் ஒலியில் 'க்' முதலில், 'ஒ' பிறகு. பெரியவர்களுக்கு இது தெரிவதே இல்லை, குழந்தைக்கு இது பெரிய புதிர்.

• 'வண்டி' என்பது 'வண்டு' ஆனால், முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறது. படத்தை மூடிவிட்டு வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

• எல்லாவற்றையும் சரியாக வாசித்துவிட்டு, 'என்ன படிச்ச?' என்று கேட்டால் விழித்தால், வேகம் போதவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகிறது. தமிழில் 'போய்க்கொண்டிருந்தார்கள்' போன்ற நீளமான சொற்கள் அதிகம் என்பதால் இந்தச் சிக்கலும் அதிகம்.

"தப்பு, மறுபடி படி" என்று சொல்வதற்கும், "அந்தக் கொம்பைப் பாரு, ஒன்னா ரெண்டா?" என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் நல்ல தன்னார்வலரின் வேலை.

பேச்சும் எழுத்தும் வேறு வேறு, இதுவும் சிக்கலா?

ஆமாம். வீட்டில் 'வந்துட்டாங்க' என்று கேட்டு வளர்ந்த குழந்தை, புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று பார்க்கிறது. தான் பேசும் மொழியும் புத்தகத்து மொழியும் ஒன்றுதான் என்பதே அதற்குத் தெரியாமல் இருக்கலாம். ஓசூர் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கும், திருப்பூரில் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. குழந்தை சொல்லும் ஒரு வரியை அது சொன்னபடியே எழுதிக் காட்டுங்கள். 'எங்க வீட்டு ஆடு குட்டி போட்டுச்சு.' தான் பேசியது எழுத்தாக மாறியதைப் பார்க்கும்போது, எழுத்து என்பது பேச்சுதான் என்று புரியும். பிறகு புத்தக நடைக்கு நகரலாம்.

அதேபோல, கதையில் "பையன் ஏன் அழுதான்?" என்று கேட்கும்போது "பந்து தொலஞ்சிடுச்சு" என்று பதில் வந்தால், அது முழு மதிப்பெண் பதில். அந்த நேரத்தில் 'தொலைந்துவிட்டது என்று சொல்' என்று திருத்தினால், அடுத்த கேள்விக்குக் குழந்தை வாயே திறக்காது.

ஒரு மணி நேர வகுப்பு எப்படி இருக்கும்?

தன்னார்வலருக்குத் தன்னார்வலர் மாறும். ஆனால் நன்றாக நடக்கும் வகுப்புகளில் பொதுவாக இவை இருக்கும்.

முதலில் தன்னார்வலர் ஒரு சிறு கதையை விரலை வைத்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவார். பிறகு ஒலி விளையாட்டு: 'ப' என்று தொடங்கும் பொருளெல்லாம் சொல்லுங்க, 'பட்டு'க்குப் பின்னால் வேறு எழுத்து போட்டால் என்ன வரும்? அடுத்து எழுத்து அட்டைகளை வைத்துச் சொல் கட்டுவது. ட, ப, ம என்று ஐந்தாறு எழுத்து தெரிந்தாலே படம், பட்டம், மடம், பாட்டு என்று நிறைய சொற்களை உருவாக்கலாம். 247ஐயும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்க வேண்டாம்.

அதன்பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் நிலைக்கேற்ற வரியைத் தனியாக வாசிக்க வேண்டும். கூட்டமாகக் கோரஸ் பாடினால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதே தெரியாது. கடைசியில் வாசித்ததிலிருந்து ஒன்றிரண்டு வரி எழுதுவது. முடிந்தால் ஒரு நோட்டில் அன்றைய நிலையைக் குறித்துவைப்பது.

தன்னார்வலரால் முடியாதது என்ன?

எல்லாத் திணறலும் பயிற்சிக் குறைவால் வருவதில்லை. முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரும்பலகை தெரியாமலேயே பின்தங்கிய குழந்தைகள் உண்டு.

பல மாதங்கள் முறையாகச் சொல்லிக்கொடுத்தும், மற்ற விஷயங்களில் கெட்டிக்காரக் குழந்தை எழுத்தில் மட்டும் நகரவே இல்லை என்றால், டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை முடிவு செய்வது தன்னார்வலரின் வேலை அல்ல. தலைமை ஆசிரியர் மூலமாக வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அங்கீகரிக்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

இன்னொரு எல்லையும் உண்டு. தன்னார்வலர் ஆசிரியருக்கு மாற்று அல்ல. ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் யாரும் பல ஆண்டுகள் இருக்க மாட்டார்கள். வேலை கிடைத்தால், திருமணமானால் போய்விடுவார்கள். அவர் போன பிறகு குழந்தையின் நிலை என்ன என்பது வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாக வருபவர் மறுபடியும் 'அ, ஆ'விலிருந்து தொடங்குவார்.

உங்கள் குழந்தையை நீங்களே சோதிப்பது எப்படி?

ஐந்து நிமிடம் போதும். பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், மனப்பாடம் ஏமாற்றிவிடும். ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள்.

1. எழுத்துகள்: ம, கி, தே, சொ, ழு
2. சொற்கள்: கல், மீன், பூனை, தேங்காய், கொக்கு
3. வரிகள்: மாலா கடைக்குப் போனாள். அங்கே சிவப்பு பலூன் இருந்தது. மாலா அதை வாங்கினாள். காற்றில் பலூன் பறந்து போனது.

வாசித்து முடித்ததும் "பலூன் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். 3ஆம் வகுப்பு தாண்டிய குழந்தை இந்த வரிகளில் திணறினால், எந்தப் படியில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். திட்ட வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். அந்தத் தாளோடு வகுப்பு ஆசிரியரிடம் போய், "இதுவரைக்கும் வாசிக்கிறான், இதுல நிக்கிறான்" என்று சொல்லுங்கள். 'புள்ளை சரியா படிக்க மாட்டேங்குது' என்பதைவிட இது ஆசிரியருக்குப் பல மடங்கு உதவும்.

உங்களுக்கே வாசிக்கத் தெரியாது என்றாலும் பரவாயில்லை. தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து "எனக்கு ஒரு கதை படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். பள்ளி நூலகத்திலிருந்து சின்னக் கதைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தன்னார்வலராக என்ன செய்ய வேண்டும்?

பெரிய படிப்பு தேவையில்லை. பொறுமையும், வாரத்தில் சில நாள் தவறாமல் வரும் ஒழுங்கும் வேண்டும். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியரையோ பள்ளி மேலாண்மைக் குழுவையோ முதலில் அணுகுங்கள். அனுமதி இல்லாமல் குழந்தைகளைத் தனியாக அழைத்து உட்காரவைக்கக் கூடாது. நான்கைந்து குழந்தைகளோடு தொடங்குங்கள்.

ஒரு மாதம் வந்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால், தொடங்காமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே பலமுறை 'உனக்கு வராது' என்று கேட்ட குழந்தைக்கு, நீங்கள் வராமல் போவதும் அதே பதிலாகத்தான் கேட்கும்.